சருகு புரட்டும் கூட்டம்

காலை ஆறரை மணி வாக்கில் எங்கள் புறவாசலுக்குத் தவிட்டுக் குருவிகள் வந்துவிடும். முதலில் ஒன்று வேலியோர முருங்கையில் வந்து உட்காரும். அது இறங்கினால் பின்னாலேயே மற்றவையும் ஒவ்வொன்றாக இறங்கும். படபடவென்று நாலு சிறகடிப்பு, மீதித் தூரம் சிறகை விரித்தபடி ஒரு சறுக்கல். தரையில் கால் பட்டதும் தத்தித் தத்தி வேப்பமரத்தடிக்குப் போய் வேலையைத் தொடங்கிவிடும். அலகால் சருகின் ஓரத்தைக் கவ்வி, தலையை ஒரு வெட்டு வெட்டிப் பக்கவாட்டில் எறியும். அடியில் பாச்சையோ கரையானோ புழுவோ இருந்தால் ஒரே கொத்து. இல்லையென்றால் அடுத்த சருகு. ஒன்பது குருவிகள் பத்து நிமிடம் புரட்டிய இடம் கோழி கிளறியது போலக் கிடக்கும். அவ்வளவு நேரமும் கீச்சுக்கீச்சென்ற பேச்சு ஓயாது.

ஒன்று மட்டும் கீழே இறங்காது. முருங்கை உச்சியிலோ துணி காயப்போடும் கம்பியிலோ நிமிர்ந்து உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று மேலே போகும், முதலில் இருந்தது கீழே வந்து மேயும்.

சென்ற ஆவணியில் ஒரு காலை. வால் முழுதாக வளராத ஒரு குஞ்சு, துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து வாயைப் பிளந்து சிறகை நடுக்கிக்கொண்டிருந்தது. அதன் இடது கால் லேசாகக் கோணல்; தத்தும்போது ஒரு பக்கமாகச் சாயும். நான் கிணற்றடியில் நின்ற பத்து நிமிடத்தில் நாலு வெவ்வேறு குருவிகள் வந்து அதற்கு ஊட்டிவிட்டுப் போயின. திடீரென்று கம்பியில் இருந்த காவல் குருவியிடமிருந்து கூர்மையாக ஒரு குரல். மறு நொடி முற்றத்தில் ஒரு குருவி இல்லை. எல்லாம் செம்பருத்திப் புதருக்குள். வல்லூறு ஒன்று தாழப் பறந்து வந்து, ஏமாந்து, தென்னை மட்டையில் போய் உட்கார்ந்தது. கல்லின் மேலேயே உறைந்துபோயிருந்தது குஞ்சு. அப்போது புதருக்குள்ளிருந்து பெரிய குருவிகள் வெளியே வந்தன. வந்து, அந்தத் தென்னையைச் சுற்றிய கிளைகளில் நெருங்கி உட்கார்ந்து ஒரே குரலாகக் கத்தின. தங்களைப் பிடித்துத் தின்னக்கூடிய ஒரு பறவையைப் பார்த்து, அது எழுந்து போகும்வரை விடாமல் கத்திக்கொண்டே இருந்தன.

அந்தக் குஞ்சுக்கு அம்மா ஒன்று, அப்பா ஒன்று. மற்றவை எதற்கு ஊட்டின? எதற்கு உயிரைப் பணயம் வைத்தன? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அறிவியல் விவாதம் ஒன்று விரிகிறது. ‘ஒற்றுமையே பலம்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இந்தக் குருவிக் கூட்டத்தை எடுத்துக்காட்டாகக் காட்டுவோம். அந்தப் பாடம் பொய்யில்லை. ஆனால் குருவிகள் அதைவிடப் பெரிய ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில் ஆளை அடையாளம் காண்போம். தமிழ்நாட்டில் வீட்டுப் பக்கம் நாம் பார்க்கும் தவிட்டுக் குருவி பெரும்பாலும் வெண்தலைச் சிலம்பன். மைனா அளவு இருக்கும். வெளுத்த தலை, மஞ்சள் அலகு, நீலம் ஓடிய வெள்ளைக் கண். அந்தக் கண்ணால் எப்போதும் கோபமாக முறைப்பது போல ஒரு தோற்றம். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. இலங்கையில் உள்ளவற்றுக்குத் தலை வெளுப்பு இல்லாமல் உடம்பு முழுக்க ஒரே சாம்பல். நெருங்கிய உறவான காட்டுச் சிலம்பன் இந்தியா முழுக்கப் பரவியிருப்பது. வடக்கே இதை ‘ஏழு சகோதரர்கள்’ என்பார்கள், ஆங்கிலேயர் ‘ஏழு சகோதரிகள்’ என்றார்கள். மலையாளத்தில் இதன் பெயர் கரியிலக்கிளி, அதாவது சருகுக் குருவி. மற்றவர்கள் கூட்டத்தையும் தொழிலையும் பார்த்துப் பெயர் வைக்க, நாம் நிறத்தைப் பார்த்துத் தவிடு என்றோம். தவிட்டு நிறக் குருவி இடும் முட்டையோ பளிச்சென்ற நீலம். முதன்முதலாக எலுமிச்சைக் கிளையிடுக்கில் அந்தக் கிண்ணக் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தபோது, யாரோ கண்ணாடிக் கோலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இந்தக் குருவிகளின் ஒரு நாளில் வேலைக்கு இணையாக உறவாடலுக்கும் நேரம் உண்டு. வெயில் ஏறியதும் மேய்ச்சலை நிறுத்திவிட்டு நிழலான கிளையில் வரிசையாக உட்காரும். ஒன்று தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டும். பக்கத்தில் இருப்பது அலகால் அதன் இறகுகளைக் கோதிவிடும். தன் அலகு தனக்கு எட்டாத இடம் தலையும் கழுத்தும்தானே. வாளித் தண்ணீர் சிந்திய குழியில் சேர்ந்து குளிக்கும். இரவில் தோளோடு தோள் ஒட்டி ஒரே கிளையில் தூங்கும். இருட்டில் பார்த்தால் இத்தனை தலை என்று எண்ண முடியாது, ஒரு நீளமான பஞ்சுத் திண்டு போலத் தெரியும். கூட்டத்தில் ஏழு முதல் பத்து வரை இருக்கும். ஒரு கூட்டத்துக்கு ஒரு எல்லை உண்டு. எங்கள் தெருவில் இரண்டு கூட்டங்கள் சந்திக்கும் இடம் ஒரு பழைய புளியமரம். அங்கே நடக்கும் சத்தத்தைக் கேட்டால் எல்லைத் தகராறு மனிதருக்கு மட்டும் உரியதில்லை என்பது புரியும்.

இனி கேள்விக்கு வருகிறேன். பெற்றோர் அல்லாத பறவைகள் குஞ்சுக்கு ஊட்டுவதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் ஸ்கச். மத்திய அமெரிக்கக் காடுகளில் பறவைகளைப் பார்த்து 1935இல் அவர் எழுதிய கட்டுரையில்தான் ‘கூட்டில் உதவியாளர்கள்’ என்ற சொற்றொடர் வந்தது. அப்போது அது ஒரு விந்தையாகத்தான் தோன்றியது. ஏனென்றால் டார்வினின் வழியில் யோசித்தால், தன் சந்ததியைப் பெருக்காமல் அடுத்தவர் குஞ்சுக்கு உழைக்கும் பறவையின் குணம் நாளடைவில் அழிந்துபோயிருக்க வேண்டும்.

விடையின் முதல் பகுதியை 1964இல் டபிள்யூ. டி. ஹாமில்டன் தந்தார். உடன்பிறந்தவரோடு நாம் பகிர்ந்துகொள்ளும் மரபுக்கூறு சராசரியாகப் பாதி. பெற்றோருடைய உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளோடு நமக்கு எட்டில் ஒரு பங்கு. தான் குஞ்சு பொரிக்காவிட்டாலும் தன் தம்பி தங்கைகளைப் பிழைக்க வைக்கிற குருவி, தன் மரபின் ஒரு பகுதியை அடுத்த தலைமுறைக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. உதவியால் கிடைக்கும் பலனை உறவின் நெருக்கத்தால் பெருக்கினால், அது உதவுபவரின் இழப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். இதுதான் கணக்கு. ‘தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்’ என்று நம்மவர்கள் சொன்னதைத்தான் ஹாமில்டன் சமன்பாடாக எழுதினார் என்று எனக்குத் தோன்றும்.

1970களில் ஆண்டனி கேஸ்டன் டெல்லியில் காட்டுச் சிலம்பன்களின் சமூக வாழ்வை ஆராய்ந்து எழுதினார். கேரளத்தில் வி. ஜே. சக்கரியாஸும் டி. என். மேத்யூவும் அதே பறவையைப் பின்தொடர்ந்தார்கள். நம் வெண்தலைச் சிலம்பன் இரை தேடும் முறையையும் பிற உயிர்களோடு அதற்குள்ள உறவையும் பற்றி ஏ. ஜே. டி. ஜான்சிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982இல் பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டியின் இதழில் எழுதினார்கள். நாங்குநேரியில் பிறந்து, சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து, பிறகு செந்நாய் ஆய்வுக்காக உலகறிந்த ஜான்சிங், வாசலுக்கு வரும் சாதாரணக் குருவியையும் விட்டுவைக்கவில்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனாலும் பல்லாண்டுக்கால ஆய்வுகள் அதிகம் நடந்திருப்பது இதன் உறவினங்களில்தான். இஸ்ரேலின் பாலைவனத்தில் அரேபியச் சிலம்பன், தென்னாப்பிரிக்காவின் கலஹாரியில் கறுப்பு வெள்ளைச் சிலம்பன். அங்கே கண்டதை அப்படியே எங்கள் முருங்கை மரத்தில் ஏற்றிவிடக் கூடாது. குடும்பச் சாயல் உண்டு, அவ்வளவுதான். அந்த எச்சரிக்கையோடு மேலே படியுங்கள்.

உறவுக் கணக்கை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது என்று அடித்துச் சொன்னவர் அமோட்ஸ் ஸஹாவி. அராவா பள்ளத்தாக்கில், ஹட்சேவா என்ற ஊருக்குப் பக்கத்தில், மனைவி அவிஷாகுடன் சேர்ந்து பல பத்தாண்டுகள் அரேபியச் சிலம்பன்களைப் பார்த்தவர். அவர் கண்டது வேறு மாதிரி. காவல் இருப்பதற்குக் குருவிகள் போட்டி போடுகின்றன. கூட்டத்தில் உயர்ந்த இடத்தில் இருப்பது, காவல் இருக்கும் இளையதை இறக்கிவிட்டுத் தான் ஏறுகிறது. மூத்தது இளையதற்கு ஊட்டுகிறது; இளையது மூத்ததற்கு ஊட்டப் போனால் அடி வாங்குகிறது. கொடுப்பதற்கு இப்படிச் சண்டை போடுவானேன்? கொடுப்பவர்க்குப் பெருமை, அந்தப் பெருமை துணை தேடும்போதும் பகைவரை எதிர்கொள்ளும்போதும் கைகொடுக்கும் என்றார் ஸஹாவி. இழப்பைத் தாங்கிக் காட்ட முடிகிறவரே உண்மையில் வலிமை உள்ளவர் என்று 1975இல் அவர் முன்வைத்த கருத்தோடு இதுவும் சேர்ந்தது.

ஊர்த் திருவிழாவில் அன்னதானத்துக்கு யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று நடக்கும் போட்டியைப் பார்த்தவர்களுக்கு ஸஹாவி சொல்வது சட்டென்று விளங்கும். விளங்குகிறது என்பதாலேயே அது நிரூபணம் ஆகிவிடாது. ஜோனதன் ரைட் அதே அரேபியச் சிலம்பன்களின் கூடுகளைக் கவனித்து, 1997இல் எழுதினார். மற்றவர் பார்க்க ஊட்டுவதற்கான அடையாளம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. குஞ்சின் பசியைப் பொறுத்தே ஊட்டல் நடந்தது. காவலுக்கும் எளிமையான ஒரு விளக்கம் வந்தது. 1999இல் டிம் கிளட்டன்-பிராக் குழுவினர் கலஹாரிக் கீரிகளில் பார்த்தார்கள்: வயிறு நிறைந்தது காவலுக்கு ஏறுகிறது. ரைட்டும் சக ஆய்வாளர்களும் 2001இல் சிலம்பன்களுக்குக் கூடுதல் இரை கொடுத்துச் சோதித்தபோதும் அதுவே நடந்தது. உண்டவை அதிக நேரம் காவல் இருந்தன. வயிறு நிறைந்த பிறகு மண்ணில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருப்பதைவிட உயரத்தில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்ப்பதுதான் அந்தக் குருவிக்கும் பாதுகாப்பு.

இந்த இடத்தில் சிலருக்கு மனம் சுருங்கும். ‘அப்போ தியாகம் இல்லையா, வயிறு நிறைஞ்சதுதான் காரணமா?’ எனக்கு அப்படித் தோன்றவில்லை. காவல் குருவி மேலே இருக்கும்போது சும்மா இருப்பதில்லை. மெல்லிய குரலில் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ‘நான் இருக்கிறேன்’ என்ற அறிவிப்பு அது. கலஹாரியில் லிண்டா ஹோலனும் ஆண்ட்ரூ ராட்ஃபோர்டும் மற்றவர்களும் 2008இல் காட்டியது இது: அந்தக் குரல் கேட்கும்போது கீழே உள்ளவை தலையை அடிக்கடி தூக்கிப் பார்ப்பதில்லை, இன்னும் பரவலாக மேய்கின்றன, அதிக இரை தின்கின்றன. காவல் இருப்பதன் காரணம் எதுவாக இருந்தாலும், கீழே உள்ளவற்றுக்கு வயிறு நிறைகிறது. தன் வயிறு நிறைந்தவர் அடுத்தவர் சாப்பிடும்வரை காவல் இருப்பது என்ற ஏற்பாட்டை நான் தியாகத்துக்கு ஒரு படி கீழே வைக்க மாட்டேன். எல்லா வீட்டிலும் கடைசியாகச் சாப்பிடுபவர் ஒருவரே என்ற வழக்கத்தைவிட இந்த முறை மாற்றம் நியாயமானது.

கலஹாரியில் அமாண்டா ரிட்லி 2003இல் தொடங்கிய ஆய்வு இந்தக் குடும்பத்தின் உள்ளறைகளையே திறந்து காட்டியிருக்கிறது. அங்குள்ள குருவிகள் ஆய்வாளர்களுக்குப் பழகி, ஒரு சிறு இரைத் துணுக்குக்காகத் தராசுத் தட்டில் தாமே ஏறி எடை காட்டும் அளவுக்கு வந்துவிட்டன. அப்படி நெருங்கிப் பார்த்ததில் தெரிந்தவற்றில் இரண்டு எனக்கு மறக்க முடியாதவை.

முதலாவது, இவை கற்றுக்கொடுக்கின்றன. குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்குவதற்குச் சில நாட்கள் முன்பிருந்து, பெரியவை இரையோடு வரும்போதெல்லாம் ஒரு தனிக் குரலை எழுப்பத் தொடங்கும். உறுமல் போன்ற ஒரு மெல்லொலி. அந்த ஒலி கேட்டால் சோறு என்று குஞ்சுக்குப் பதிந்துவிடும். இறங்கிய பிறகு அதே குரலைக் காட்டிக் குஞ்சுகளை நல்ல மேய்ச்சல் இடத்துக்கும் ஆபத்தில்லாத பக்கத்துக்கும் அழைத்துப் போகும். நிக்கோலா ரைஹானியும் ரிட்லியும் 2008இல் இதைச் சோதனை செய்து காட்டினார்கள். கற்பித்தல் என்று உறுதியாகச் சொல்லத்தக்க நடத்தை விலங்குலகில் அரிது.

இரண்டாவது, பிள்ளைகளின் பிடிவாதம். சரியாகப் பறக்கத் தெரியாத இளங்குஞ்சுக்கு மரத்தின் மேல்தான் பத்திரம். பசி அதிகமானால் அது வேண்டுமென்றே தரையில் இறங்கி நிற்கிறது. ஆபத்தான இடத்தில் பிள்ளை நிற்பதைப் பார்த்துப் பெரியவை பதறிப்போய் அதிகமாக ஊட்டுகின்றன. வயிறு நிறைந்ததும் குஞ்சு பத்திரமான கிளைக்குத் திரும்புகிறது. 2013இல் அலெக்ஸ் தாம்சன் குழு இதை வெளியிட்டது. ஆவணியில் துவைக்கும் கல்லில் நின்ற எங்கள் கோணல்கால் குஞ்சும் அப்படித்தான் நின்றதோ என்று படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

குடும்பம் என்றால் இருட்டும் உண்டு. கலஹாரிக் கூட்டங்களில் பிறக்கும் குஞ்சுகளில் நூற்றுக்கு 95க்கும் மேல் ஒரே தலைமை இணையின் குஞ்சுகள் என்று மார்த்தா நெல்சன்-ஃப்ளவர் குழுவினர் 2011இல் மரபுச் சோதனையால் கண்டார்கள். மற்றவை காத்திருக்க வேண்டும். அல்லது வெளியேறி வேறு கூட்டம் தேட வேண்டும். காட்டுச் சிலம்பனில் இரண்டு வயது வாக்கில் பிறந்த கூட்டத்தை விட்டுப் போவது பெரும்பாலும் பெண் குருவிகள். ரிட்லி குழு 2022இல் எழுதியது இன்னும் கடுமை: சில சிறிய கூட்டங்கள், தம் குஞ்சுகள் பிழைக்காதபோது, பக்கத்துக் கூட்டத்தின் குஞ்சைக் கடத்திக்கொண்டு போய் வளர்க்கின்றன. உறவு எதுவும் இல்லாத அந்தக் குஞ்சு வளர்ந்து அந்தக் கூட்டத்துக்கே உதவியாளாகிறது. எண்ணிக்கை குறைந்த கூட்டம் எல்லையைக் காக்க முடியாமல் அழிந்துபோகும். அதனால்தான் இந்தத் துணிச்சல். இதைச் சொல்லாமல் ஒற்றுமைப் பாடம் நடத்துவது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் அநியாயம். கூட்டம் அன்பான இடம். கூட்டம் இல்லாமல் பிழைக்க முடியாது என்ற அச்சமும் அதன் அடித்தளத்தில் இருக்கிறது.

இவ்வளவு காவல் இருந்தும் இந்தக் குடும்பத்தை ஏமாற்ற முடியும். நம் ஊரில் அந்தக் கலையில் தேர்ந்தவை சுடலைக்குயிலும் அக்காக்குயிலும். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் கதை எல்லோருக்கும் தெரியும். இவை இரண்டும் தவிட்டுக் குருவியின் கூட்டைத் தேடி வருவது பலருக்குத் தெரியாது. முட்டையும் அதே நீலம். சுடலைக்குயில் குஞ்சு, வீட்டுக்காரக் குஞ்சுகளைக் கீழே தள்ளிவிடாமல் கூடவே வளரும். ஆனால் அதன் பசிக்கு ஈடுகொடுக்க முழுக் கூட்டமும் உழைக்கும். கறுப்பும் வெள்ளையுமாக, கொண்டையோடு, வளர்த்தவர்களைவிட நீண்ட வாலோடு ஒரு குயில் குஞ்சு முள்வேலியில் உட்கார்ந்து கத்த, நாலு தவிட்டுக் குருவிகள் முறைவைத்து வெட்டுக்கிளி கொண்டுவந்து கொடுத்ததை ஒரு ஐப்பசியில் பார்த்தேன். ஏமாளிகள் என்று தோன்றவில்லை. பசித்து வாய் திறந்தால் ஊட்டு என்பது இந்தக் கூட்டத்தின் விதி. பெரும்பாலும் அந்த விதி சரியாகவே பலன் தருகிறது. எப்போதாவது ஒரு குயில் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. உதவிக்கு முன் சான்றிதழ் கேட்கும் கூட்டமாக இருந்தால் குயில் ஏமாந்துபோயிருக்கும். தன் குஞ்சுகளில் சிலவும் பட்டினியால் போயிருக்கும்.

கரிச்சானின் கதை இதைவிட நுட்பமானது. கலஹாரியில் சிலம்பன்கள் மேயும் இடத்துக்குக் கரிச்சான்கள் வரும். பருந்து வந்தால் உண்மையாகவே எச்சரிக்கும்; சிலம்பன் கொழுத்த புழுவைக் கண்டெடுக்கும்போது பொய்யாகவும் எச்சரிக்கும். சிலம்பன் பதறிப் போட்டுவிட்டு ஓட, புழு கரிச்சானுக்கு. சிலம்பனின் அபாயக் குரலையே அது போலி செய்யும் என்று டாம் ஃப்ளவர் 2011இல் எழுதினார். இதைச் சிலம்பன்கள் கையாளும் விதம்தான் வியப்பு. பெரிய கூட்டங்கள் கரிச்சானை விரட்டிவிடுகின்றன. காவலுக்கு ஆள் போதாத சிறிய கூட்டங்கள் அதைப் பொறுத்துக்கொண்டு, அதன் காவலில் மேய்கின்றன. சில புழுக்கள் போனாலும் உயிர் மிஞ்சுகிறது. இலங்கையின் சிங்கராஜக் காட்டில் செவ்வலகுச் சிலம்பன்களும் துடுப்புவால் கரிச்சானும் பல இனப் பறவைகளோடு ஒரே கூட்டமாகத் திரிவதை சரத் கொட்டகமவும் ஈபன் குடேலும் நீண்டகாலம் ஆராய்ந்தார்கள். அங்கே கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலில் பேசிக் கூட்டத்தைக் கூட்டுகிறது. யாரை விரட்டுவது, யாரைப் பொறுத்துக்கொள்வது என்பதைத் தன் பலத்தைப் பார்த்து முடிவு செய்கிற இந்த விவேகம், நான் இந்தக் குருவிகளிடம் மிகவும் மதிக்கிற குணம்.

கூட்டத்தால் முடியாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

கலஹாரியில் பகல் வெப்பம் 35.5 டிகிரியைத் தாண்டும் நாட்களில் சிலம்பன் நாள் முழுக்க மேய்ந்தாலும், இரவில் இழக்கும் எடையை ஈடுகட்ட முடிவதில்லை என்று 2012இல் ஒரு குழு தராசுத் தட்டில் அளந்து காட்டியது. வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு புழு தேட முடியாது. குஞ்சு வளரும் நாட்களில் சராசரிப் பகல் உச்சம் 38 டிகிரியைத் தாண்டினால் ஒரு குஞ்சுகூடப் பிழைப்பதில்லை என்று அமாண்டா போர்ன் குழுவினர் 2020இல் எழுதினார்கள். உதவியாளர்கள் அதிகம் இருந்தால் இந்த இழப்பு குறையுமா என்றும் பார்த்தார்கள். குறையவில்லை. பெரிய கூட்டமும் சிறிய கூட்டமும் கடும் வெயிலிலும் வறட்சியிலும் ஒரே மாதிரி அடிவாங்கின. பல லட்சம் ஆண்டுகளாக எல்லா ஆபத்தையும் தோளோடு தோள் சேர்ந்து சமாளித்த ஒரு பறவை, முதன்முதலாகத் தோள் சேர்ப்பது போதாத ஒரு எதிரியைச் சந்தித்திருக்கிறது.

நம் சித்திரை வெயில் 38இல் நிற்பதில்லை. எங்கள் குருவிகளுக்கு எது எல்லை என்று யாராவது தராசு வைத்து அளக்க வேண்டும். அளக்காமலே தெரிவது ஒன்று: வெயிலில் இவற்றுக்கு வேண்டியது நிழலும் ஈரமும் சருகும். வேம்பின் அடியில் ஒரு சாண் சருகு கிடந்தால் அதன் கீழே மண் குளிர்ந்திருக்கும், பூச்சி இருக்கும். நாமோ அதைத்தான் முதலில் எடுத்துவிடுகிறோம். எங்கள் தெருவில் பத்து ஆண்டுகளுக்கு முன் எல்லா வீட்டுக்கும் மண் புறவாசல் இருந்தது. இன்று பாதிக்கு மேல் சிமெண்ட் போட்டாயிற்று. மீதி வீடுகளில் வாரம் ஒரு முறை சருகைக் கூட்டித் தீ வைக்கிறார்கள். வளர்ப்புப் பூனைகளும் பெருகிவிட்டன. தரையில் மேயும் பறவைக்கு வல்லூறைவிடப் பெரிய எமன் பூனை.

என் ஆச்சி படிக்காதவர். கூட்டிய சருகை வேப்பமூட்டிலேயே குவித்து வைப்பார். சின்ன வயதில் ஒருமுறை நான் தீப்பெட்டியோடு அதன் பக்கத்தில் போனபோது, “ஏட்டி, சருகுக்குத் தீ வைக்காத. குருவி பட்டினியா போவும்” என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பெண் மதில் மேலாக எட்டிப் பார்த்து, “அக்கா, குப்பையா கிடக்கே, ஆள் விட்டுக் கூட்டிரலாம்லா?” என்று கேட்டாள். “இருக்கட்டும்மா, குருவி மேயுது” என்றேன். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். மறுநாள் அவளுடைய பையன் வந்து, சருகு எறியும் குருவியை அரை மணி நேரம் குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். காவல் குருவி எது என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. தானே கண்டுபிடித்து, “அத்தை, அது மட்டும் சாப்பிடாம பாத்துட்டே இருக்கு” என்றான்.

இந்தப் பங்குனி தொடக்கத்தில் எலுமிச்சையில் மறுபடியும் கூடு கட்டியிருக்கின்றன. நாலு முட்டையில் மூன்று பொரிந்து, இப்போது மூன்று குஞ்சுகள். காலையில் கிணற்றடியில் நின்றால் இலை மறைவில் கூடு தெரியும். நேற்று ஒரு குருவி வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு மதிலில் வந்து இறங்கியது. தத்தும்போது இடது பக்கமாகச் சாய்ந்தது. வால் முழுதாக வளர்ந்திருந்தது. கூட்டில் ஏற்கெனவே வேறொன்று ஊட்டிக்கொண்டிருந்ததால், இது கிளையில் உட்கார்ந்து காத்திருந்தது. வெட்டுக்கிளி இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தது. அலகை இறுக்கிக்கொண்டதே தவிர விழுங்கவில்லை. முதல் குருவி விலகியதும் உள்ளே போய்த் தலையைக் கவிழ்த்தது. நிமிர்ந்தபோது அலகில் வெட்டுக்கிளி இல்லை. குஞ்சின் எச்சம், வெள்ளைப் பொட்டலமாக, அலகு நுனியில் இருந்தது. அதைக் கவ்விக்கொண்டு கிணற்றைத் தாண்டிப் பறந்துபோய், எங்கோ தூரத்தில் போட்டுவிட்டு, சருகு புரட்டத் திரும்பி வந்தது.